எழுதுகோல் பிடிக்கக் கற்ற காலம் – அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவம்

நம் குடியிருப்புகளின் முகப்பில் நிற்கும் அண்ணல் அம்பேத்கர் அவர்களின் சிலைகளில் பெரும்பாலானவற்றில் அவர் கையில் ஒரு நூல் இருக்கக் காண்கிறோம். பிறந்த நாளன்றும் நினைவு நாளன்றும் அச்சிலைக்கு நாம் மாலை அணிவிக்கிறோம். சட்ட மேதை என்றும், பேரறிஞர் என்றும், விடிவெள்ளி என்றும் அவரைப் போற்றுகிறோம். போற்றுதல் தகும். ஆயினும், அந்தக் கை எழுதுகோலைப் பிடிக்க எங்கே பழகியது, எவரிடம் பழகியது, எத்தனை முறை எழுதியதை அடித்துத் திருத்தி எழுதியது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? மேதைகள் பிறக்கும்போதே மேதைகளாகப் பிறந்துவிடுகிறார்கள் என்று நம்பிவிட்டால், அவர்களை வணங்குவதைத் தவிர நமக்கு வேறு வேலை இராது. அண்ணல் நம்மிடம் எதிர்பார்த்தது வணக்கம் அன்று.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இக்கட்டுரைக்கு நாம் இந்தப் பொருளைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் மாலை வகுப்புகளுக்கு வந்த மாணவர்களில் பலர், தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதி வரச் சொன்னால், கடையில் விற்கும் குறிப்பு நூலைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவோரை நாம் கண்டிருக்கிறோம். தாமாக எழுதிய கட்டுரை சிவப்பு மையால் கோடிடப்பட்டுத் திரும்பி வந்தபோது, அதைத் தகரப் பெட்டியின் அடியில் மறைத்து வைத்து, நமக்கு இது வராது என்று ஒடுங்கிப்போனவர்களையும் கண்டிருக்கிறோம். அந்த ஒடுக்கத்தாலேயே படிப்பை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்காகவும், இனி வரப்போகிறவர்களுக்காகவும், அண்ணலின் வரலாற்றில் வகுப்பறைக் கட்டுரைகள் எழுதிய பகுதியை மட்டும் இங்கே விரித்துக் கூற விழைகிறோம்.

தந்தை தந்த முதற் பாடம்

பீமராவ் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் என்னும் படைமுகாம் நகரில், இராம்ஜி சக்பால் – பீமாபாய் இணையருக்குப் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தார். மகாராட்டிரத்தின் கொங்கணப் பகுதியைச் சேர்ந்த மகார் குடும்பம் அது. தந்தையார் படையில் சுபேதாராகப் பணியாற்றியவர். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். எழுத்தின் அருமை உணர்ந்த தந்தை ஒருவர் வீட்டில் இருந்தது பீமராவுக்குக் கிடைத்த முதற் செல்வம். மற்றச் செல்வம் எதுவும் அந்த வீட்டில் இல்லை. தாயாரும் சிறு வயதிலேயே மறைந்துவிட்டார்.

சதாராப் பள்ளியில் சிறுவன் பீமராவ் மற்றப் பிள்ளைகளோடு அமர இயலாது. தான் கொண்டுசென்ற சாக்குத் துணியை விரித்துத் தனியே உட்கார வேண்டும். பள்ளிப் பணியாள் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். அவர் வாராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும். பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் சேர்ந்தபோதும் நிலைமை முற்றும் மாறிவிடவில்லை. ஒருநாள் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட ஆசிரியர் அவரை அழைத்தார். பலகையின் பின்னே தம் உணவுப் பெட்டிகளை வைத்திருந்த மற்ற மாணவர்கள், இவர் நிழல் பட்டுவிடுமோ என்று பதறி ஓடிப் பெட்டிகளை அப்புறப்படுத்தினார்கள். எழுதச் செல்லும் ஒரு சிறுவனுக்குப் பள்ளி அளித்த வரவேற்பு இதுவாக இருந்தது. சமஸ்கிருதம் கற்க விரும்பியபோது அதுவும் மறுக்கப்பட்டது. பாரசீக மொழியை எடுத்துக்கொண்டார். சமஸ்கிருதத்தைப் பிற்காலத்தில் தம் சொந்த முயற்சியால் கற்றார்.

பள்ளி மறுத்ததை வீடு கொடுத்தது. பம்பாயின் தொழிலாளர் பகுதியில், ஒரே அறையில், விறகும் பாத்திரமும் ஆட்களும் நெருங்கிக் கிடந்த அவ்வீட்டில், தந்தையார் மகனுக்கு ஆங்கிலமும் மொழிபெயர்ப்பும் பயிற்றினார். ஒரு மொழியின் வாக்கியத்தை இன்னொரு மொழியில் பிழையின்றி நிறுத்துவதே எழுத்தாளர் அம்பேத்கரின் முதற் பயிற்சி எனலாம். மகன் கேட்ட நூலை வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற மகளிடம் போய் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்து நூல் வாங்கித் தந்த தந்தை அவர்.

1907-ஆம் ஆண்டு பீமராவ் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். 750 மதிப்பெண்களுக்கு 282 பெற்றார் என்று வரலாற்றாசிரியர் குறிப்பர். இந்த எண்ணை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும். உலகம் வியந்த அறிஞரின் பள்ளி மதிப்பெண் வியப்பதற்கு உரியதாக இல்லை. ஆயினும் அந்தச் சமூகத்திலிருந்து ஒரு மாணவர் அந்நிலையை எட்டியதே அரிது என்பதால் பாராட்டுக் கூட்டம் ஒன்று நடந்தது. அங்கே கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராட்டியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். அவருடைய முயற்சியால் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்க இசைந்தார். அதன் துணையால் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1912-ஆம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றார் பீமராவ். அடுத்த ஆண்டு பிப்ரவரித் திங்களில் தந்தையார் மறைந்தார். மகன் எழுதிய நூல் ஒன்றையும் காணும் பேறு அந்தத் தந்தைக்குக் கிட்டவில்லை.

நியூயார்க்கில் ஒரு மாணவர்

வெளிநாடு சென்று உயர்கல்வி பெற்றுத் திரும்பிப் பத்தாண்டுகள் பரோடா அரசுக்குப் பணிபுரிய வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, 1913-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பீமராவ் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் புலத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

அங்கே எவரோடும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணலாம். எந்தக் குழாயிலும் நீர் பருகலாம். நூலகத்தில் எந்த நூலையும் கையால் தொட்டு எடுக்கலாம். சாக்குத் துணியில் தனித்து அமர்ந்த சிறுவனுக்கு இது எத்தகைய மாற்றம் என்பதைப் பிறர் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்துச் சில திங்கள் புதிய நண்பர்களோடும் புதிய நகரத்தோடும் கழிந்தன. பின்னர் அவர் விழித்துக்கொண்டார். வீட்டில் மனைவி இரமாபாய் வறுமையோடு போராடிக்கொண்டிருந்தார். கிடைத்த உதவித்தொகையில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியதில் எளிய உணவு உண்டு, பொழுதெல்லாம் நூலகத்தில் செலவிடத் தொடங்கினார். பழைய நூற்கடைகளில் அவர் வாங்கிச் சேர்த்த நூல்கள் ஏறத்தாழ 2,000 என்பர்.

அந்த மூன்றாண்டுகளில் அவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் கணக்கைப் பல்கலைக்கழகம் பாதுகாத்து வைத்திருக்கிறது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சு, செருமன் மொழிகளில் ஒவ்வொன்று. பட்டத்துக்கு வேண்டிய அளவோடு நின்றிருந்தால் இத்தனை பாடங்கள் தேவைப்பட்டிரா. ஓரிடத்தில் கற்ற கருவியை வேறோரிடத்தில் பயன்படுத்தும் திறன் அவர் எழுத்தில் ஓங்கி நிற்பதற்கு இதுவே காரணம். கணக்கரைப் போல எண்களைப் பார்ப்பார். வரலாற்றாசிரியரைப் போல மூலத்தைத் தேடுவார். வழக்கறிஞரைப் போல எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் முழுதும் எடுத்துரைப்பார்.

ஆசிரியர்களும் அத்தகையோர். பொது நிதி பயிற்றிய எட்வின் செலிக்மன், தத்துவம் பயிற்றிய ஜான் டூயி, வரலாறு பயிற்றிய ஜேம்ஸ் ஷாட்வெல், ஜேம்ஸ் ஹார்வி ராபின்சன் ஆகியோரை, 1930-இல் பல்கலைக்கழகப் பழைய மாணவர் இதழில் எழுதியபோது, தம் வாழ்வின் தலைசிறந்த நண்பர்கள் வரிசையில் வைத்து அவர் நினைவுகூர்ந்தார். ஆசிரியரை நண்பராக நினைக்கும் நிலை அவருக்குப் பம்பாய்ப் பள்ளியில் எளிதில் வாய்த்திராது.

வகுப்புக்காக எழுதியவை

1915-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாளிட்டு முதுகலைப் பட்டத்துக்காக அவர் அளித்த ஆய்வேடு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியையும் நிதியையும் பற்றியது. கம்பெனியின் வரவென்ன, செலவென்ன, கடன் எவ்வாறு ஏறியது, 1858-இல் ஆட்சி இங்கிலாந்தின் முடிக்கு மாறியபோது அந்தக் கடன் யார் தலையில் ஏற்றப்பட்டது என்று அது ஆராய்கிறது. இந்திய மக்கள் தாம் வாங்காத கடனைத் தாம் சுமந்தார்கள் என்ற அநீதியை அவர் வெறும் ஆவேசச் சொற்களால் கூறவில்லை. கணக்கைக் கொண்டு நிறுவினார். கோபத்தைக் கணக்காக மாற்றி எழுதுவதே அவர் அங்கே பழகிய முதற் கலை. கோபம் மட்டும் இருந்தால் படிப்பவர் நம்மைப் பார்த்து இரங்குவர். கணக்கும் உடன் இருந்தால் அவர் விடை கூறியாக வேண்டும்.

அடுத்த ஆண்டு வந்தது நாம் இக்கட்டுரையில் சிறப்பாகக் கூற விரும்பும் நாள். 1916-ஆம் ஆண்டு மே 9. மானிடவியல் ஆசிரியர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கு வகுப்பில், மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பொருள் பற்றிக் கட்டுரை எழுதிப் படிக்க வேண்டும். இருபத்தைந்து வயது நிரம்பிச் சில நாள்களே ஆகியிருந்த பீமராவ், இந்தியாவில் சாதிகள் எவ்வாறு இயங்குகின்றன, எவ்வாறு தோன்றின, எவ்வாறு வளர்ந்தன என்பது பற்றி எழுதிப் படித்தார்.

சாதியைப் பற்றி அதற்கு முன்னரே செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் முதலியோர் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, எங்கே அவை பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்று மாணவர் ஆராய்ந்தார். தீட்டும், தொழில் வேறுபாடும், உடன் உண்ணாமையும் சாதியின் அடையாளங்களே. அதன் உயிர்நிலை அகமண முறையில், அதாவது தத்தம் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ளும் கட்டுப்பாட்டில் உள்ளது என்று அவர் காட்டினார். அந்தக் கட்டுப்பாடு குலையாதிருக்க, கணவனை இழந்த பெண்ணையும் மனைவியை இழந்த ஆணையும் என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. கைம்பெண்ணைத் தீயில் இடுவதும், மறுமணம் மறுத்து ஒடுக்கி வைப்பதும், மனைவியை இழந்தவனுக்கு இளஞ்சிறுமியை மணம் முடிப்பதும் இந்தக் கேள்விக்குச் சமூகம் கண்ட கொடிய விடைகள் என்று அவர் விளக்கினார். ஒரு கூட்டம் கதவை அடைத்துக்கொள்ள, மற்றவை அதைப் பார்த்துத் தாமும் அடைத்துக்கொள்ள, சாதி பரவிற்று என்றார். மனு என்னும் தனி மனிதர் ஒருவர் சட்டம் எழுதி இத்தனை பெரிய அமைப்பை உருவாக்கியிருக்க இயலாது. முன்பே இருந்ததை அவர் முறைப்படுத்தினார் என்பதும் அவர் துணிபு. பெண்ணைப் பூட்டி வைத்தே சாதி தன்னைக் காத்துக்கொள்கிறது என்ற இந்தக் கருத்து, ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் ஆராய்ச்சியாளரால் எடுத்தாளப்படுகிறது. இது எழுதப்பட்டதோ ஒரு வகுப்பின் பயிற்சிக்காக.

அந்தக் கட்டுரையில் அவர் தம் சொந்தத் துயரத்தை ஒரு வரியும் எழுதவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சதாராவின் சாக்குத் துணி அங்கே இல்லை. கரும்பலகை நிகழ்ச்சி இல்லை. தீண்டாமையைத் தனிப் பொருளாகவும் அவர் அங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வலி இல்லாமலா? வலியைத் தந்த பொறி எவ்வாறு இயங்குகிறது என்று கண்டுபிடிப்பதை முதற் கடமையாகக் கொண்டார். தம் முடிவே இறுதியானது என்றும் அவர் சாதிக்கவில்லை. தக்க சான்று காட்டினால் தம் கருத்தைக் கைவிட ஆயத்தமாக இருப்பதாகவே கட்டுரையை முடித்தார். உறுதியும் பணிவும் ஒருங்கே அமைந்த எழுத்து அது.

அச்சேறிய கட்டுரையும் அடைபட்ட கதவும்

1916-ஆம் ஆண்டு அவர் இலண்டன் சென்று, இலண்டன் பொருளியல் பள்ளியிலும், சட்டம் பயில கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தி 1917-இல் நாடு திரும்ப வேண்டியதாயிற்று. முதல் உலகப் போர் நடந்த காலம் அது. அவருடைய நூல்களையும் பொருள்களையும் ஏற்றி வந்த வேறொரு கப்பல் கடலில் தாக்குண்டு மூழ்கியது. அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்கள் நீரோடு போயின.

அதே 1917-ஆம் ஆண்டு மே இதழில், இந்தியன் ஆன்டிகுவரி என்னும் புகழ்பெற்ற ஆய்விதழ், அவருடைய வகுப்பறைக் கட்டுரையை வெளியிட்டிருந்தது. சில திங்கள் கழித்து, ஒப்பந்தப்படி பணியில் சேரப் பரோடா சென்றார் அந்தக் கட்டுரையின் ஆசிரியர். தங்க அறை தருவார் எவருமில்லை. பார்சி விடுதியொன்றில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள், கையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொல்லிற்று. நண்பர்கள் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. பூங்காவொன்றில் அமர்ந்து பொழுதைக் கழித்துவிட்டு, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். சாதியைப் பற்றி உலக அறிஞர் படிக்கும் இதழில் எழுதியவருக்கு, அந்தச் சாதியே அதே ஆண்டில் தந்த மறுமொழி இது.

எழுதுவதால் பயனென்ன என்று அவர் அன்று சோர்ந்து போயிருந்தால், நமக்கு அம்பேத்கர் கிடைத்திருக்க மாட்டார். அவர் அந்த நிகழ்ச்சியை மறக்கவுமில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், தம் வாழ்வில் நேர்ந்த தீண்டாமைக் கொடுமைகளைச் சிறு நினைவுக் குறிப்பாக எழுதினார். சாக்குத் துணியும் பரோடா விடுதியும் அதில் இடம்பெற்றன. அவர் மறைவுக்குப் பின் 1990-இல் நூலாக வெளிவந்த அக்குறிப்பு, அவர் பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே பாடமாக வைக்கப்பட்டது. முதலில் ஆராய்ந்தார், பின்னரே தம் கதையைச் சொன்னார். ஆராய்ச்சியால் உறுதிப்பட்ட கை எழுதியதாலேயே அக்கதையில் ஒரு சொல்லும் மிகையாக இல்லை.

திருப்பி அனுப்பப்பட்ட ஆய்வேடு

பரோடாவிலிருந்து திரும்பிய பின், 1918 நவம்பர் முதல் பம்பாய் சிடன்காம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1919-இல் வாக்குரிமை பற்றி ஆராய வந்த சவுத்பரோ குழுவின் முன் தீண்டப்படாத மக்களின் உரிமைகளுக்காகச் சாட்சியம் அளித்தார். கொலம்பியாவில் கற்ற வாத முறை முதன்முதலாகத் தம் மக்களுக்குப் பயன்பட்டது அங்கேதான். 1920-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள், கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவியோடு, ஊமைகளின் தலைவன் என்று பொருள்படும் மூக்நாயக் என்னும் மராட்டி இதழைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிய கை, தம் மக்களுக்கு அவர்கள் மொழியில் எழுதலாயிற்று.

ஆனால் பாதியில் நின்ற படிப்பு அவர் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ஊதியத்தில் சேர்த்த தொகையும், சாகு மகராசரின் உதவியும், கொலம்பியாவில் உடனிருந்த பார்சி நண்பர் நவல் பத்தேனா தந்த கடனும் கொண்டு, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் படிப்பகம் திறக்கும்போது உள்ளே சென்று, மூடும்போது கடைசியாக வெளியே வருவார். இரவிலும் படிப்பார். உணவு அரை வயிற்றுக்கே. 1921-இல் எம்.எஸ்சி. பட்டமும், 1922-இல் பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். 1922 அக்டோபரில் ரூபாயின் பிரச்சினை என்னும் தம் பெரிய ஆய்வேட்டை டி.எஸ்சி. பட்டத்துக்காக அளித்தார்.

அந்த ஆய்வேடு திரும்பி வந்தது. ஆம், அண்ணலின் ஆய்வேடுதான். தேர்வாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. திருத்தி எழுதித் தருமாறு கூறினார்கள். ஆங்கில ஆட்சியின் நிதிக் கொள்கையை அது கடுமையாகக் கண்டித்ததே காரணம் என வரலாற்றாசிரியர் கூறுவர். கையில் பணமில்லை, இலண்டனில் தங்கித் திருத்த வழியில்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, பிழைப்புக்கு வழி தேடும் நெருக்கடிக்கிடையே மீண்டும் உட்கார்ந்து திருத்தி எழுதினார். ஆகஸ்டில் அனுப்பினார். நவம்பரில் அது ஏற்கப்பட்டது. நடையைத் திருத்தினார், முடிவுகளை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியிலேயே இலண்டனில் நூலாக வெளிவந்தது. அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். பல இடங்களில் தமக்கு உடன்பாடில்லை என்று சொல்லிக்கொண்டே, மாணவரின் வாதத் திறனைப் பாராட்டினார். கெயின்ஸ் போன்ற பெரும் பொருளியலாளர் ஆதரித்த நாணய முறையை எதிர்த்து எழுதிய நூல் அது. தம் தாய் தந்தையரின் நினைவுக்கு அந்நூலைப் படைத்தார் அண்ணல். நகையை அடகு வைத்து நூல் வாங்கித் தந்த தந்தைக்கு மகன் செலுத்திய கடன் அது.

கொலம்பியாவில் தொடங்கிய நிதி ஆராய்ச்சியும் வீண்போகவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி என்னும் நூலாக 1925-இல் அது வெளிவந்தது. செலிக்மன் முன்னுரை எழுதினார். பரோடா மன்னருக்கு அந்நூல் உரிமையாக்கப்பட்டது. அச்சிட்ட படிகளை ஒப்படைத்த பின் 1927-இல் கொலம்பியா அவருக்குப் பி.எச்.டி. பட்டம் வழங்கியது. அமெரிக்க மண்ணில் கால் வைத்து அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

விதை மரமானது

அந்த 1927-ஆம் ஆண்டிலேயே மகாத் குளத்தில் தம் மக்களோடு இறங்கி நீர் அள்ளிப் பருகினார்; பகிஷ்கிருத் பாரத் இதழையும் தொடங்கினார். 1936-இல் இலாகூர் சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று தலைமையுரைக்கு அவரை அழைத்து, எழுதிய உரையைப் பார்த்து அஞ்சி, சில பகுதிகளை மாற்றக் கோரியது. அவர் ஒரு சிறு குறியையும் மாற்ற மறுத்தார். மாநாடு கைவிடப்பட்டது. உரையைத் தம் செலவில் அச்சிட்டு நாட்டின் முன் வைத்தார். அதுவே சாதி ஒழிப்பு நூல். தந்தை பெரியார் அதை விரைவில் தமிழில் வெளியிட, நம் முன்னோர் தம் மொழியிலேயே அதைப் படித்தார்கள். தேர்வாளர் சொன்னபோது திருத்தி எழுதிய அதே மனிதர்தான் இலாகூர்க்காரர் சொன்னபோது திருத்த மறுத்தார். எழுத்தைச் செம்மையாக்கும் திருத்தத்தை ஏற்றார். உண்மையை மழுக்கும் திருத்தத்தை மறுத்தார். இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவே ஓர் எழுத்தாளனின் முதிர்ச்சி.

1944-இல் அந்நூலின் மூன்றாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், தம் பழைய வகுப்பறைக் கட்டுரையையும் இதனோடு இணைத்து ஒரே நூலாக்கும் எண்ணம் தமக்கு இருந்ததென்றும், அதற்குக் காலம் வாய்க்கவில்லை என்றும் குறிப்பிட்டார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் படித்த கட்டுரை அவர் மனத்தை விட்டு அகலவில்லை. அங்கே தனியே பேசாது விட்ட தீண்டாமையை, 1948-இல் தீண்டப்படாதார் என்னும் நூலில் முழுப் பொருளாக எடுத்துக்கொண்டார். அந்நூலை இரவிதாசர், சோகாமேளர் ஆகியோரோடு நம் தமிழகத்து நந்தனாரின் நினைவுக்கும் படைத்தார் என்பது நம் நெஞ்சை நெகிழச் செய்யும் செய்தி.

அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக அவர் ஆற்றிய பணியை நாடறியும். ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வைக்கும் அப்பணிக்கு அவரை ஆயத்தப்படுத்தியவை அந்த வகுப்பறை ஆண்டுகளே. 1956 டிசம்பர் 5-ஆம் நாள் இரவு, நோயுற்ற நிலையிலும், புத்தரும் அவர் தம்மமும் என்னும் தம் நூலின் முன்னுரைப் படிகளைத் திருத்துவதற்காகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அவர் கண் விழிக்கவில்லை. இறுதி இரவிலும் அவர் திருத்திக்கொண்டிருந்த மாணவரே.

நம் முன் உள்ள கடமை

அண்ணல் கல்வியைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், பின்னர் 1950-இல் அவுரங்காபாத்தில் மற்றொரு கல்லூரியும் அதன் வழியே தோன்றின. நம்முடையதைப் போன்ற எளிய சங்கங்கள் அந்தப் பெருவிளக்கிலிருந்து ஏற்றிய அகல்கள். அகல் அணையாதிருக்க எண்ணெய் ஊற்ற வேண்டியவர்கள் இளைஞர்களே.

ஆகவே, தம்பியரே, தங்கையரே, கல்லூரியில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் அதைச் சுமை என்று எண்ணாதீர்கள். அது உங்கள் கையில் தரப்படும் எழுதுகோல். உங்கள் ஊரின் ஏரித் தண்ணீர் யாருக்குப் பாய்கிறது, உங்கள் தெருவுக்குச் சாலை ஏன் வரவில்லை, உங்கள் பாட்டியார் ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை என்பன போன்ற கேள்விகளை அங்கே கொண்டுபோய் வையுங்கள். முன்னர் எழுதியோர் சொன்னதைத் தேடிப் படியுங்கள். அவர்களோடு மாறுபட அஞ்சாதீர்கள். மாறுபடும்போது சான்று காட்டுங்கள். கட்டுரை சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தால் பெட்டியின் அடியில் ஒளிக்காதீர்கள். அண்ணலின் ஆய்வேடும் ஒருமுறை திரும்பி வந்தது. நம் சங்கத்தின் மாலை வகுப்பறைக்கு அதை எடுத்து வாருங்கள். மூத்தோரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம்.

இந்த வெள்ளி விழா மலரை நம்மில் மூத்தோர் எழுதியிருக்கிறோம். பொன் விழா மலரை எழுத வேண்டியவர்கள் நீங்கள். அதற்கான பயிற்சி, நாளை நீங்கள் கொடுக்க வேண்டிய வகுப்புக் கட்டுரையிலேயே தொடங்குகிறது.